புதுப்பிப்பு: பொது பி.எட். முடித்தவர் சிறப்புக் கல்வியில் எம்.எட். சேரலாமா?

பொது பி.எட். முடித்து ஒன்பது ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கும் நான், மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கான சிறப்புக் கல்வியில் எம்.எட். நேரடியாகச் சேர முடியுமா என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். முடியாது; ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற சிறப்புக் கல்விப் பட்டயமோ, சிறப்புக் கல்வி பி.எட். பட்டமோ முதலில் தேவை. ஆகவே அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் பட்டயப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். சிறப்பு ஆசிரியராகப் பணியாற்றச் சான்றிதழ் கைக்கு வந்தால் மட்டும் போதாது, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்குழுமத்தின் மையப் பதிவேட்டிலும் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகவே தெரிந்தது.

பயிற்சியில் ஒரு சிறுவனுக்கான தனிநபர் கல்வித் திட்டத்தில், “கூட்டல் கற்பான்” என்று நான் எழுதியிருந்ததை வழிகாட்டி அம்மையார் அடித்துவிட்டு, அளந்து பார்க்கக்கூடிய இலக்காக, “இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களைக் கொடுத்துப் பத்து ரூபாய் பிஸ்கட்டை, ஐந்து முறைக்கு நான்கு முறையாவது உதவியின்றி வாங்குவான்” என்று எழுதவைத்தார்.