புதுச்சேரி பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் தேவை

வணக்கம் நண்பர்களே. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் எங்கள் தாத்தா வீடு இருக்கிறது. தெருவோரம் மரத்தூண் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம். இடித்து அடுக்குமாடி கட்டலாம் என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

வைசியாள் வீதியைப் பார்த்திருப்பீர்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்ட உதவியோடு வீடுகளின் முகப்பைச் சீர்செய்தார்கள். 2008இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. ஒரு வீட்டை மட்டும் பார்க்காமல் தெருவையே ஒன்றாக எடுத்துக்கொண்டதுதான் அங்கே பெரிய விஷயம். மறுபக்கம், 2014 மழையில் மேரி கட்டடம் (பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம்) இடிந்து விழுந்ததையும் பார்த்தோம். அதனால்தான் இந்த அவசரம்.

முன்பு குடியிருந்தவர்கள் சுவரில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். உள்ளே ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் பொரிந்து உதிர்கிறது. அதை உரித்துவிட்டு, கடுக்காய், வெல்லம் சேர்த்த சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். மெட்ராஸ் டெரஸ் கூரையில் (மர உத்திரங்கள் மேல் செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய தட்டைக் கூரை) இரண்டு உத்திரங்கள் கரையான் அரித்துப்போயின. மேலே இருக்கும் செங்கலைக் கலைக்காமல் உத்திரத்தை மட்டும் மாற்ற முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கொத்தனார், தச்சர் தெரிந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். காரைக்குடிப் பக்கத்து ஆட்களானாலும் சரி, தங்க இடம் தருகிறேன். கூட்டுச் சொத்தாக இருந்தும் பங்காளிகளைச் சம்மதிக்க வைத்து வீட்டைப் புதுப்பித்தவர்கள் யாராவது இருந்தால், செலவை எப்படிப் பிரித்தீர்கள் என்றும் தெரிய வேண்டும். மழைக்காலத்துக்கு முன் கூரை வேலையையாவது முடித்தாக வேண்டும்.