விண்டோஸில் ஓடிய டேபிளை லினக்ஸில் "இல்லை" என்கிறது – மைஎஸ்க்யூஎல் 8.0

கேள்வி

வணக்கம் நண்பர்களே. நூலகம் ஒன்றுக்காக நான் எழுதிய பிஎச்பி மென்பொருள். இரண்டு வருஷமாக என் விண்டோஸ் லேப்டாப்பிலேயே எழுதி, அதிலேயே ஓட்டிப் பார்த்தது. நேற்று ராத்திரி அதன் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை டம்ப் (முழு நகல் ஃபைல்) எடுத்து உபுண்டு லினக்ஸ் சர்வரில் ஏற்றினேன். இம்போர்ட் ஒரு எரர்கூட இல்லாமல் முடிந்தது, லாகினும் வேலை செய்தது. புத்தகம் வழங்கும் பக்கத்தைத் திறந்தால் எரர் 1146, அப்படி ஒரு டேபிளே இல்லையாம்.

டேபிள்களைப் பட்டியலிடும் ஷோ டேபிள்ஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். புக்இஷ்யூ என்ற அந்த டேபிள் கண்ணெதிரே இருக்கிறது. ஒரே வித்தியாசம், என் கோடில் 'பி'யும் 'ஐ'யும் கேப்பிட்டல். சர்வரில் எல்லாமே ஸ்மால் லெட்டர். டேபிளை உருவாக்கியபோது கேப்பிட்டலில்தான் கொடுத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. நடுவில் யார் மாற்றியது?

தேடிப் பார்த்ததில் லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் என்ற செட்டிங்கின் மதிப்பை 1 ஆக்கச் சொல்லியிருந்தார்கள். கான்ஃபிக் ஃபைலில் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது சர்வரே எழமாட்டேன் என்கிறது. சர்வரில் 1, டேபிள் விவரங்களைக் குறித்துவைக்கும் டேட்டா டிக்‌ஷனரியில் 0, இரண்டும் பொருந்தவில்லை என்று எரர் லாகில் ஒரு வரி. டேட்டா போய்விட்டதோ என்று கை நடுங்குகிறது.

பதில் 1

டேட்டா எங்கேயும் போகவில்லை. சேர்த்த அந்த வரியை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், எழுந்துவிடும்.

மாற்றியது உங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் ஓடிய மைஎஸ்க்யூஎல் சர்வர்தான். அந்த செட்டிங்கின் இயல்பு மதிப்பு விண்டோஸில் 1, மேக்கில் 2, லினக்ஸில் 0. மதிப்பு 1 என்றால் நீங்கள் எப்படிக் கொடுத்தாலும் பெயரை ஸ்மால் லெட்டராக்கித்தான் சேமிக்கும், தேடும்போதும் அப்படியே தேடும். அதனால் இரண்டு வருஷமும் உங்களுக்குத் தெரியவில்லை. லினக்ஸில் 0, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

8.0 முதல் இந்த மதிப்பை சர்வரை முதன்முதலில் இனிஷியலைஸ் செய்யும்போது (டேட்டா டைரக்டரியை உருவாக்கும்போது) மட்டுமே தீர்மானிக்க முடியும். பழைய பதில்களைப் படித்துவிட்டுப் பலரும் மாட்டுவது இங்கேதான். 1 வேண்டும் என்றால் சர்வரை நிறுத்தி, டேட்டா டைரக்டரியை வேறு இடத்துக்கு நகர்த்தி (அழிக்காதீர்கள்), கான்ஃபிக்கில் 1 போட்டு, காலி டைரக்டரியில் அதே மதிப்போடு இனிஷியலைஸ் செய்து, டம்பை மறுபடி ஏற்றுங்கள். யூசர்களையும் அவர்களுக்கான அனுமதிகளையும் புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பதில் 2

மேலே சொன்னது சரிதான், ஆனால் நான் அந்த வழிக்குப் போகமாட்டேன். நாளைக்கு வேறொருவர் இயல்பு மதிப்போடு இன்னொரு சர்வர் போட்டால் இதே கதை. கோடை ஸ்மால் லெட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

ரீநேம் டேபிள் போட்டு சர்வரில் இருக்கும் பெயரைக் கேப்பிட்டலாக்கலாமே என்று தோன்றும். உங்கள் கோடில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதியிருந்தால்தான் அது உதவும். ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஸ்டோர்ட் புரொசீஜர் (சர்வருக்குள்ளேயே சேமித்துவைக்கும் கட்டளைத் தொகுப்பு) இருக்கிறதா? டேபிள் பெயர் மாறினாலும் புரொசீஜருக்குள் நீங்கள் தட்டிய எழுத்து அப்படியே இருக்கும். உருவாகும்போது எரர் வராது, கூப்பிடும்போதுதான் வரும். இன்னொன்று: டம்ப் எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளை டிரிகர்களை (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கட்டளைகளை) இயல்பாகவே எடுக்கும், புரொசீஜர்களை எடுக்காது. ரொட்டீன்ஸ் ஆப்ஷன் கொடுத்தீர்களா?

கேட்டவர்

வரியை எடுத்ததும் சர்வர் எழுந்துவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

தேடிப் பார்த்தேன். வழங்கும் பக்கத்தில் 'பி', 'ஐ' இரண்டும் கேப்பிட்டல், திருப்பி வாங்கும் பக்கத்தில் 'பி' மட்டும், அபராதக் கணக்கில் எல்லாமே ஸ்மால். ரீநேம் செய்திருந்தால் ஒரு பக்கம் சரியாகி மற்ற இரண்டும் விழுந்திருக்கும். யூசர்ஸ் டேபிளை எல்லா இடத்திலும் ஸ்மால் லெட்டரில் எழுதியிருந்ததால்தான் லாகின் மட்டும் தப்பித்திருக்கிறது. ஆகவே கோடைத்தான் மாற்றினேன். டம்பில் புரொசீஜர்கள் வரவே இல்லை. ஆப்ஷனோடு மறுபடி எடுத்து, உள்ளே இருந்த பெயர்களையும் திருத்தி ஏற்றினேன்.

எல்லாம் முடிந்தும் மாதாந்திர ரிப்போர்ட் மட்டும் எரர் 1054 காட்டுகிறது, காலம் (டேபிளின் நெடுவரிசை, column) தெரியவில்லையாம். காலம் பெயர்களுக்கும் கேப்பிட்டல், ஸ்மால் பார்க்குமா?

பதில் 2

காலம் பெயருக்கு எந்த இயங்குதளத்திலும் பார்க்காது. ஆனால் கட்டளைக்குள் டேபிளுக்கு வைக்கும் ஏலியாஸுக்கு (சுருக்கப் பெயருக்கு) லினக்ஸில் பார்க்கும். ரிப்போர்ட் கட்டளையின் ஃப்ரம் (FROM) பகுதியில் எப்படி வைத்திருக்கிறீர்கள், வேர் (WHERE) பகுதியில் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

கேட்டவர்

அதேதான். ஃப்ரமில் கேப்பிட்டலில் 'பிஐ', வேரில் ஸ்மாலில் 'பிஐ'. அந்த இரண்டு எழுத்தை மாற்றியதும் ரிப்போர்ட் வந்துவிட்டது. லேப்டாப்பிலும் இன்றே டாக்கரில் (மென்பொருளைத் தனிச்சூழலில் ஓட்டும் கருவி) லினக்ஸ் மைஎஸ்க்யூஎல் போட்டுவிட்டேன், இனி அதில்தான் சோதிப்பேன்.