கலைச்சொல் உதவி: சலவை இயந்திரத்தின் உடல் தகடு (ஒரே மடல் எண் மீண்டும் வந்தால் எழுதியவர் அவரே)

மடல் 1
வணக்கம். சலவை இயந்திரம், நகல் இயந்திரம் இரண்டுக்குமான பழுதுபார்ப்புக் கையேட்டை நாளை மாலைக்குள் தமிழில் தர வேண்டும். உடல் பகுதி முழுக்கத் துத்தநாகம் பூசிய எஃகுத் தகடு. ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று எழுதியிருந்தேன். “அது எவர்சில்வர் ஆயிற்றே” என்கிறார் திருத்துநர். நியாயம்தான். என்ன போடலாம்?

மடல் 2
துரு இரும்புக்கு மட்டும்தான். துத்தநாகத்தில் பூப்பது வெள்ளைப் பொடி. உலோக அரிப்புக்குப் பாடநூலில் உள்ள ‘அரிமான’த்தை எடுத்து ‘அரிமானத் தடுப்புத் தகடு’ எனலாம்.

மடல் 3
வருமானம், கட்டுமானம் வரிசையில் அரிமானமா? அந்த ‘மானம்’ எந்த மொழி விகுதி என்று முதலில் தீர்ப்போம். எனக்கு ‘அரிதாங்கு தகடு’ போதும். ஊறுகாய் போல வினைத்தொகை, சுருக்கமும்கூட.

மடல் 4
‘தாங்குதகடு’ வரைக்கும்தான் வினைத்தொகை ஐயா. முன்னால் நிற்கும் ‘அரி’ முதனிலைத் தொழிற்பெயர். தவிர, அரி என்றால் சிங்கம், திருமால். அரியைத் தாங்குபவர் ஆதிசேடன். அவரும் நாகம், பூச்சும் நாகம்! ரசிக்கலாம், கையேட்டில் போட முடியாது.

மடல் 5
தகட்டுத் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ‘தடுப்பு’ பொருந்தாது. தகட்டில் கீறல் விழுந்து இரும்பு தெரிந்தாலும், பக்கத்துத் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். வெட்டிய விளிம்பு தப்பிப்பதும் அதனால்தான். வெறும் பெயிண்டுக்கு அந்தக் குணம் கிடையாது. சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது ஒரு வகை. நகல் இயந்திரத்துக்குப் பெரும்பாலும் மின்முறையில் ஏற்றிய மெல்லிய பூச்சு. ‘நாகமுலாம்’ என்று போட்டால் 55 விழுக்காடு அலுமினியம் கலந்த வகை வெளியே போய்விடும். பட்டறையில் கேட்டால் எல்லாமே ஜி.ஐ. (கால்வனைஸ்டு அயர்ன்) ஷீட்தான்.

மடல் 6
முலாம் அரபு வழி வந்தது. பூச்சைக் குறிக்க ‘மேலீடு’ இருக்கக் கடன் எதற்கு?

மடல் 7
இலங்கைப் பாடநூல்களில் துத்தநாகமே ‘நாகம்’, அதைப் பூசும் வேலை ‘கல்வனைசுப்படுத்தல்’. தவளைக் காலை ஆராய்ந்த கல்வானியின் பெயர் தகரக் கூரைவரை வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு விளங்குகிறது, அது போதாதா?

மடல் 6
விளங்குகிறது என்பதற்காக எதையும் உள்ளே விடலாமா?

மடல் 5
மேலீடு என்றால் என் பட்டறைப் பையன் மேலதிகாரியிடம் முறையீடு என்று நினைப்பான்.

மடல் 1
அனைவருக்கும் நன்றி. ‘அரிப்புக்காப்புப் பூச்சுத் தகடு’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ஜி.ஐ. ஷீட்டை அடைப்புக்குறியில் தருகிறேன்.

மடல் 3
மூன்று சொல்லை ஒட்டினால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

மடல் 1
பதிந்தாயிற்று ஐயா. அடுத்த பக்கத்தில், துத்தநாகத்துக்கு மேல் குரோமேட் (குரோமிய உப்பு) இல்லாத ஒரு மெல்லிய பூச்சு வருகிறது. தொட்டால் விரல் தடம் தெரியாது. அதற்கு?