என்ஜின்எக்ஸ், டாம்கேட் நடுவே எச்டிடிபிஎஸ்: வெரிஃபை ஆன் செய்ததும் 502 வருகிறது, உதவுங்கள்

இரவுப்பணி:
வணக்கம். இரண்டு நாளாக இதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். முன்னால் ஒரு செர்வரில் என்ஜின்எக்ஸ் (வரும் கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் அனுப்பும் ப்ராக்ஸி), பின்னால் இன்னொன்றில் டாம்கேட் 9 (ஜாவா ஆப்பை ஓட்டும் செர்வர்). இவ்வளவு நாள் வெளியிலிருந்து என்ஜின்எக்ஸ் வரைக்கும்தான் எச்டிடிபிஎஸ், அங்கிருந்து டாம்கேட்டின் 8080 போர்ட்டுக்கு வெறும் எச்டிடிபி. ஆடிட்டில் வந்தவர்கள் உள்ளே போகும் டேட்டாவும் என்க்ரிப்ட் ஆகவேண்டும், சர்டிஃபிகேட்டையும் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அதனால் டாம்கேட்டில் 8443 திறந்து, எங்கள் அலுவலக சிஏ (சர்டிஃபிகேட்டில் கையெழுத்திட்டுத் தரும் அமைப்பு) கொடுத்த சர்டிஃபிகேட்டை வைத்து, என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி பாஸை (பின்னால் எங்கே அனுப்புவது என்று சொல்லும் வரி) எச்டிடிபிஎஸ் ஆக்கினேன், ஓடியது. டாம்கேட்டின் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்க 'ப்ராக்ஸி எஸ்எஸ்எல் வெரிஃபை ஆன்' போட்டு ரீலோடு செய்தேன், அவ்வளவுதான், 502 பேட் கேட்வே, அதாவது பின்னால் உள்ள செர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை. ஆனால் ஆபீஸ் கணினியில் பிரவுசரைத் திறந்து நேராக 8443-க்குப் போனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வருகிறது! (போனில் தட்டுவதால் கட்டளைகளையும் தமிழிலேயே எழுதுகிறேன், நடுவில் அடிக்கோடு இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்.)

ஜாவாக்காரன்:
வெரிஃபையை ஆஃப் செய்துவிடுங்கள் நண்பரே, டிஃபால்ட்டே ஆஃப்தான். உள் நெட்வொர்க்கில் யார் வரப்போகிறார்கள்? இல்லையென்றால் 8009-ல் ஏஜேபி (டாம்கேட்டோடு பேச எச்டிடிபிக்குப் பதிலான ஒரு நெறிமுறை) வைத்துக்கொள்ளலாம்.

பழைய_அட்மின்:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெரிஃபை ஆஃபில் இருந்தால் டேட்டா என்க்ரிப்ட் ஆகும், சரி, ஆனால் யாரிடம் கொடுக்கிறோம் என்பது தெரியாது. நடுவில் ஒருவன் தானே ஒரு சர்டிஃபிகேட் தயாரித்து நீட்டினாலும் என்ஜின்எக்ஸ் வாங்கிக்கொண்டு பாஸ்வேர்டு உட்பட எல்லாவற்றையும் அவனிடமே அனுப்பும். டிஃபால்ட் ஆஃப் என்பதாலேயே பலர் எச்டிடிபிஎஸ் என்று எழுதியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். ஏஜேபி இங்கே வேண்டவே வேண்டாம், அதில் என்க்ரிப்ஷனே கிடையாது, என்ஜின்எக்ஸுக்கு அந்த மொழியும் தானாகத் தெரியாது. 2020-ல் கோஸ்ட்கேட் என்று ஓட்டை வந்ததே, அது அந்த 8009 வழியாகத்தான், டாம்கேட் 9.0.31-ல்தான் அடைத்தார்கள். இரவுப்பணி, எரர் லாகில் 502 வந்த நேரத்து வரியைப் போடுங்கள், அதைப் பார்க்காமல் ஊகித்துப் பயனில்லை.

இரவுப்பணி:
இதோ: 'அப்ஸ்ட்ரீம் எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் வெரிஃபை எரர்: 20: அனேபிள் டு கெட் லோக்கல் இஷ்யூயர் சர்டிஃபிகேட்'. யாரை நம்புவது என்று என்ஜின்எக்ஸுக்குச் சொல்லும் ட்ரஸ்டட் சர்டிஃபிகேட் வரியில் ரூட் சிஏவின் (எல்லாவற்றுக்கும் மேலே உள்ள சிஏ) பெம் ஃபைலைத்தான் (சர்டிஃபிகேட் இருக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) கொடுத்திருக்கிறேன்.

ஜாவாக்காரன்:
ஆஃப் செய்யச் சொன்னது தவறு, ஏற்கிறேன். இந்த எரர் எனக்குப் பழக்கம். உங்கள் சிஏ நேராக ரூட்டிலிருந்து கையெழுத்திடுவதில்லை, நடுவில் ஒரு இன்டர்மீடியட் (ரூட் கையெழுத்திட்ட துணை சிஏ) இருக்கும். ஜாவாவோடு வரும் கீடூலில், டாம்கேட்டின் கீஸ்டோருக்கு (கீயும் சர்டிஃபிகேட்டும் இருக்கும் ஃபைல்) லிஸ்ட் போட்டு வெர்போஸ் ஆப்ஷனும் சேர்த்துப் பாருங்கள், 'சர்டிஃபிகேட் செயின் லெங்த் 1' என்று வந்தால் டாம்கேட் தன் சர்டிஃபிகேட்டை மட்டும் அனுப்புகிறது, இன்டர்மீடியட்டை அனுப்பவில்லை. பிரவுசரில் ஏன் வந்தது என்றால், ஆபீஸ் கணினிகளில் இன்டர்மீடியட்டையும் முன்பே போட்டு வைத்திருப்பார்கள், என்ஜின்எக்ஸ் செர்வரில் அது இல்லை. செர்வர் சர்டிஃபிகேட் முதலில், அடுத்து இன்டர்மீடியட் என்று ஒரே பெம் ஃபைலில் ஒட்டி, கீயோடு சேர்த்து ஓபன்எஸ்எஸ்எல் மூலம் பிகேசிஎஸ்12 (கீயையும் சர்டிஃபிகேட்டுகளையும் ஒன்றாக வைக்கும் ஃபைல் வடிவம்) ஆக எக்ஸ்போர்ட் செய்து அதையே கீஸ்டோராக வையுங்கள்.

இரவுப்பணி:
1 என்றுதான் இருந்தது! மாற்றினேன், இப்போது 2. அந்த எரர் போய்விட்டது, ஆனால் புதிதாக ஒன்று: 'அப்ஸ்ட்ரீம் எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் டஸ் நாட் மேட்ச் ஆப்_பூல்'. ஆப்_பூல் என்பது கான்ஃபிக்கில் அப்ஸ்ட்ரீம் பிளாக்குக்கு (பின்னால் உள்ள செர்வர்களின் பட்டியல்) நான் வைத்த பெயர், அது எப்படி சர்டிஃபிகேட்டில் இருக்கும்?

பழைய_அட்மின்:
நல்லது, பாதிக்கு மேல் தாண்டிவிட்டீர்கள். ப்ராக்ஸி பாஸில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே என்ஜின்எக்ஸ் சர்டிஃபிகேட்டிலும் தேடும். அப்ஸ்ட்ரீம் பிளாக் வைக்கிற எல்லோரும் ஒருமுறையாவது இங்கே இடறுவார்கள். 'ப்ராக்ஸி எஸ்எஸ்எல் நேம்' என்ற வரியைச் சேர்த்து, சர்டிஃபிகேட்டின் சப்ஜெக்ட் ஆல்டர்னேடிவ் நேமில் (அது எந்தெந்தப் பெயர்களுக்குச் செல்லும் என்ற பட்டியல்) உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். அங்கே டிஎன்எஸ் பெயர் இருந்தால் காமன் நேமை (பெயர் எழுதும் பழைய இடம்) என்ஜின்எக்ஸ் பார்க்கவே பார்க்காது, அதனால் காமன் நேமில் சரியாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். கூடவே அந்தப் பெயரை இணைக்கும்போதே டாம்கேட்டுக்குச் சொல்ல 'ப்ராக்ஸி எஸ்எஸ்எல் செர்வர் நேம் ஆன்' போடுங்கள், அதுவும் டிஃபால்ட்டில் ஆஃப், நாளைக்கு அதே டாம்கேட்டில் இரண்டாவது சர்டிஃபிகேட் வைத்தால் எதைக் காட்டுவது என்று அதற்குத் தெரியவேண்டும்.

இரவுப்பணி:
வந்துவிட்டது!! 200. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒன்று, அந்த 8443-ஐ வேறு யாரும் நேராகத் தொடாமல் இருக்க என்ன செய்யலாம்?

பழைய_அட்மின்:
முதலில் ஃபயர்வாலில் என்ஜின்எக்ஸ் ஐபிக்கு மட்டும் திறந்து விடுங்கள், 8080 கனெக்டரையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். அப்புறம் டாம்கேட்டில் 'சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன் ரிக்வயர்டு' வைத்து, என்ஜின்எக்ஸுக்கு ஒரு கிளையன்ட் சர்டிஃபிகேட் வாங்கி 'ப்ராக்ஸி எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்', 'ப்ராக்ஸி எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் கீ' வரிகளில் கொடுங்கள். இதற்கு டாம்கேட்டின் ட்ரஸ்ட்ஸ்டோரில் (அது நம்பும் சிஏக்களின் தொகுப்பு) ரூட் இருக்கவேண்டும், அந்த ரூட் ஆபீஸில் எல்லோருக்கும் சர்டிஃபிகேட் கொடுக்கிறது என்றால் இதற்கென்று தனி சிஏ வைப்பது நல்லது. இரண்டு சர்டிஃபிகேட்டின் காலாவதித் தேதியையும் இன்றே குறித்து வையுங்கள், வெரிஃபை ஆனில் இருக்கும்போது தேதி தாண்டினால் அதே 502 மறுபடி வரும்.