முள்வால் பல்லியை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பேரணாம்பட்டு பாய்:
ரியாத்தில் டிரைவராக இருந்தபோது முதலாளி வீட்டாரோடு தப் பிடிக்கப் போனோம், முள்வால் பல்லிக்கு அங்கே அதுதான் பெயர். சவூதியில் இருந்தவர்களுக்குத் தெரியும், முக்கால் மீட்டர் வரை வளரும் எகிப்து வகை. வண்டியின் புகைக்குழாயில் டியூப் மாட்டி வளைக்குள் விட்டார்கள். அது தலையை உள்ளே விட்டு, வாலால் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. பிடித்து இழு என்றார்கள். வளையம் வளையமாக முள், கையில் ஏறுகிறது. உடம்பை உப்பிக்கொண்டு மண்ணோடு இறுகிவிட்டது, நானும் இழுக்கிறேன், அசையவில்லை. புகை ஏற ஏறப் பிடி விட்டது, அது விட்டதை என் கை உணர்ந்தது, இப்போதும் உணர்கிறது. ராத்திரி கப்சாவில் அந்தக் கறிதான். நான் சோறு மட்டும் சாப்பிட்டேன்.

கே.வி.குப்பம் முன்னாள் ராணுவம்:
பாய், அது உடும்பாக இருக்கும், உடும்புதான் அப்படிப் பிடிக்கும். முள்வாலை ஜெய்சல்மேர் போஸ்டிங்கில் நிறைய பார்த்தேன், சாது. காலையில் கரியாக வெளியே வரும், வெயில் ஏறினால் மணல் நிறம். மூக்கோரம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும், உப்பு. தண்ணீர் குடித்து ஒருநாளும் பார்த்ததில்லை, தின்னும் இலையில் இருப்பதே போதும்போல.

காட்பாடி தம்பி:
சார், பாய் சொன்னது சரி. உடும்புக்கு நாக்கு பிளந்திருக்கும், எலி, முட்டை என்று தின்னும். இது இலை, பூ மேய்கிற ஜாதி. எகிப்து வகை யூரோமாஸ்டிக்ஸ் என்ற பேரினம். நீங்கள் பார்த்த ஹார்ட்விக் வகையை 2009-ல் சாரா என்ற தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள், கூடவே ஈரான் பக்கத்து வகைகள் இரண்டு. நான் பார்த்தது வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், இந்தப் பல்லியின் கொழுப்பை உருக்கிச் சாண்டா எண்ணெய் என்று விற்பவரின் துணியில். ஓடாமலிருக்க முதுகை முறித்திருந்தார்கள், முன்னங்காலால் மட்டும் இழுத்து இழுத்து நகரப் பார்த்தது. தயவுசெய்து அந்த எண்ணெயை யாரும் வாங்காதீர்கள், அது வெறும் கொழுப்பு, மூட்டுவலிக்கும் கேட்காது, ஆண்மைக்கும் கேட்காது. வலி என்றால் எலும்பு டாக்டரிடம் போங்கள், வேலூரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? விற்பதைப் பார்த்தால் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காமல் வனத்துறைக்கு போன் போடுங்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம். அப்புறம் பாய், எடையைக் குறைத்து, தினமும் கோட்டையைச் சுற்றி நடந்தாலே முட்டிக்கு நல்லது.

பேரணாம்பட்டு பாய்:
எனக்கு முட்டிவலி என்று யார் தம்பி சொன்னது?