ஊர்வலக் குதிரைக்கு மூச்சுப் பயிற்சி குடுத்தா மிரட்சி போவுமா?

தண்டையார்பேட்டை தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா ஒரு வெள்ளைக் குதிரை வெச்சிருக்காரு, பொட்டை, 9 வயசு, சௌகார்பேட்டை கல்யாண ஊர்வலத்துக்குத்தான் போவும். இத்தினி நாளா நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப பேண்டு சத்தம் கேட்டாலே மூக்கு விரிஞ்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கி பின்னாடியே போவுது, போன வாரம் மாப்ளைய ஏத்தறப்ப சுத்திக்கிச்சு, யாருக்கும் அடி இல்ல. காலைல இருமலும் கீது. மூச்சுப் பயிற்சி குடுத்தா உடம்பும் தேறும் மிரட்சியும் போவும்னு வீடியோல பாத்தேன், நெஜமா? அப்பா சாட்டைய எடுக்கறாரு, எனக்கு மனசு கேக்கல.

ராயபுரம் பெரியவர்:
முதல்ல சாட்டைய உள்ள வெக்கச் சொல்லு தம்பி, அது திமிரு இல்ல, பயம். ராத்திரி அமைதியா நிக்கும்போது விலாவுக்குப் பின்னாடி பாரு, ஏறி இறங்கும், ஒரு நிமிஷம் எண்ணு. 8ல இருந்து 16க்குள்ள இருக்கணும். லாயத்துல மூத்திர வாடை உன் கண்ண எரிக்குதுன்னா அதுக்கு நெஞ்சே எரியும்பா, தினம் கழுவு. காஞ்ச புல்ல தண்ணில முக்கி தரையில போடு, ஒசரத்துல கட்டுனா தூசி நேரா மூக்குல கொட்டும். குனிஞ்சு தின்னாத்தான் சளியும் கீழ வழியும்.

வேப்பேரி ஸ்டூடண்ட்:
வெட்டினரி படிக்கிறேன். குதிரையால நம்மள மாதிரி வாயால மூச்சு விட முடியாது, மூக்கு ஒண்ணுதான் வழி. அதனால கடிவாளத்தோட மூக்குப்பட்டையில ரெண்டு விரல் போவுதான்னு பாருங்க, போவலன்னா தளத்துங்க. கம்பீரமா தெரியணும்னு கழுத்த வளைச்சு இழுத்துக் கட்டுவாங்க பாருங்க, அதுல தொண்டையில காத்துப்பாதை குறுகிடும், அந்த நேரம் பட்டாசும் வெடிச்சா அது மிரளாம என்ன பண்ணும்? பயிற்சில நுரையீரல் பெருசா வளராது, இதயமும் தசையும்தான் தேறும், அதனால விடியக்காலைல நிதானமா நடக்க விடுங்க. பாய்ஞ்சு ஓடறப்ப ஒரு தாவலுக்கு ஒரு மூச்சுதான், இருமல் இருக்கிற வரைக்கும் ஓட விடாதீங்க. நம்ம ஊரு வெக்கைல எண்ணிக்கை கொஞ்சம் ஏறும்தான், ஆனா சும்மா நிக்கறப்பவே வயித்தோரம் கோடு விழற மாதிரி முக்கி மூச்சு விட்டா டாக்டர் பாக்கணும்.

வியாசர்பாடி அக்கா:
நான் குதிரையேத்தம் கத்துக்கிட்டவ. மூச்சுப் பயிற்சி முதல்ல உனக்குத்தான் வேணும் தம்பி. நீ மூச்ச புடிச்சிக்கிட்டு கயித்த இறுக்குனா அதுக்கு உடனே தெரிஞ்சிரும். தோளுகிட்ட நில்லு, கயித்த தொங்க விடு, மூச்ச மெதுவா இழுத்து அதவிட நீளமா விடு. கயித்த லேசா கீழ இழு, தலைய கொஞ்சம் தாழ்த்துனா அந்த நொடியே விட்டுரு, பிடரியத் தடவு. கொஞ்ச நேரத்துல உதடு தொங்கும், மூக்கால ப்ர்ர்ர்னு நீளமா ஒண்ணு விடும், இறுக்கம் இறங்குதுன்னு அர்த்தம். இது லாயத்துல பழகனப்புறம் பேண்டு சத்தத்த போன்ல ரொம்ப கம்மியா வெச்சு ஆரம்பி, காது விறைச்சா நிறுத்திரு. அவசரப்படாத, வாரக்கணக்குல ஆவும்.

தண்டையார்பேட்டை தம்பி:
ரொம்ப நன்றி. மூக்குப்பட்டையில ஒரு விரல்கூட போவல, ரெண்டு ஓட்டை தளத்திட்டேன், உள்ள தோலு தேஞ்சு முடி இல்லாம இருந்துச்சு, அப்பாவே தடவிப் பாத்துட்டு ஒண்ணும் பேசல. நேத்து ராத்திரி எண்ணுனேன், 22 வந்துச்சு. இந்த வார ஊர்வலத்த வேணாம்னு சொல்லியாச்சு, நாளைக்கு வேப்பேரி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறோம்.