ஆராதனைக் குழு சோர்ந்து போகாமல் இருக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் 5 வருடமாக ஆராதனைக் குழுவை, அதாவது ஆராதனையில் பாடி வாசிக்கும் குழுவை, நடத்துகிறேன். மொத்தம் 10 பேர். எல்லோரும் வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவர்கள்.

போன மாதம், நன்றாகப் பாடும் ஒரு தங்கை விலகிக்கொண்டாள். "அக்கா, வாரா வாரம் பாடுகிறேன், ஆனால் ஆராதித்து ரொம்ப நாளாகிறது" என்றாள். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. மேடையில் நிற்பவர்கள் கீழே உட்கார்ந்து ஆராதிக்க நான் ஒரு ஞாயிறுகூடக் கொடுத்ததில்லை.

வேதாகமத்தில் 1 நாளாகமம் 25-ஐ மறுபடி வாசித்தேன். தாவீது காலத்தில் 288 பாடகர்கள், 12 பேராக 24 வகுப்புகள், முறை வைத்து ஊழியம். எங்களுக்கு அத்தனை பேர் இல்லை. சரி, மாதத்துக்கு ஒரு வாரமாவது ஓய்வு தரலாம் என்று பார்த்தால், கீபோர்டு வாசிக்க ஒரே ஒரு தம்பிதான். அவர் இல்லாத வாரம் கிட்டார் மட்டும் வைத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறீர்களா? புதியவர்களை எத்தனை மாதம் பயிற்சியில் வைத்து மேடையேற்றுகிறீர்கள்?

அப்புறம், சுருதி சேராமல் பாடும், ஆனால் உண்மையான பக்தியுள்ள ஒருவரிடம் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது? இதுதான் எனக்கு ரொம்பக் கடினம்.

ஒன்று மட்டும் பலன் தந்தது: பாடல்களின் ஸ்கேலை, அதாவது பாடும் சுருதியை, குறைத்தோம். சபையார் வாய்திறந்து பாடுகிறார்கள். மற்றவற்றுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், ஜெபத்திலும் நினைத்துக்கொள்ளுங்கள்.